பிஐசியுவில் பூஞ்சை ரத்தத் தொற்று: மூலக்கூறு பரிசோதனை, ஊசி குத்துவது முதல் அறிக்கை வரை

பிஐசியுவில், அதாவது குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில், ஒரு வாரமாகப் படுத்திருக்கும் குழந்தை. மெரோபெனம், வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குகள் போய்க்கொண்டிருக்கின்றன, காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை. பிளேட்லெட் நாளுக்கு நாள் சரிகிறது. கல்ச்சரில் (ரத்தத்தை ஊடகப் பாட்டிலில் வைத்துக் கிருமியை வளர்க்கும் பரிசோதனை) இதுவரை ஒன்றும் வளரவில்லை. ரத்தத்தில் பூஞ்சை ஏறிவிட்டதா என்ற சந்தேகம் இந்தக் கட்டத்தில்தான் வரும். பதிலுக்குக் கல்ச்சரை மட்டும் நம்பியிருந்தால், கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை வளர்ந்து மெஷின் சிக்னல் கொடுக்கவே இரண்டு மூன்று நாள் ஆகும். கிளாப்ரேட்டா மாதிரி மெதுவாக வளரும் இனமென்றால் இன்னும் தள்ளும். எந்த இனம் என்று சொல்ல அதன்மேல் ஒரு நாள். கல்லீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகளில் பதுங்கிய தொற்றுகளையும் சேர்த்துப் பார்த்தால், ஊடுருவும் கேண்டிடா நோயில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான் ரத்தக் கல்ச்சர் பாசிட்டிவ் ஆகிறது.

இந்தியாவில் 27 ஐசியுக்களில் 1,400 கேண்டிடா ரத்தத் தொற்றுகளைத் தொகுத்து 2015ல் வெளியான ஆய்வில், ஆயிரம் ஐசியு அனுமதிகளுக்கு 6.51 பேருக்குத் தொற்று இருந்தது. 30 நாளுக்குள் இறந்தவர்கள் 44.7 சதவீதம். முதலிடத்தில் இருந்தது அல்பிகன்ஸ் அல்ல, கேண்டிடா டிராபிகாலிஸ்: 41.6 சதவீதம். இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் கிட்டைத் தேர்ந்தெடுக்கும்போது இது திரும்பத் திரும்பக் குறுக்கே வரும்.

பிசிஆர் (டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கிக் கண்டறிவது) போன்ற மூலக்கூறு முறைகள் பதிலைச் சில மணி நேரத்துக்குள் கொண்டுவரும். ஆனால் குழந்தைகளிடம் இந்த முறைகள் தோற்கும்போது மெஷினைக் குறை சொல்வதற்கு முன் குழாயைப் பாருங்கள். பெரும்பாலும் அதில் போதிய ரத்தம் இருந்திருக்காது.

யாருக்கு அனுப்புவது

காய்ச்சல் வந்த எல்லாக் குழந்தைக்கும் அனுப்பினால் ரிசல்ட்டை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கணக்கைப் பாருங்கள். 90 சதவீத உணர்திறனும் (தொற்று உள்ளவரைப் பிடிப்பது) 95 சதவீதத் தனித்தன்மையும் (தொற்று இல்லாதவரை விலக்குவது) உள்ள ஒரு பரிசோதனை. நூற்றில் ஒருவருக்குத்தான் உண்மையில் தொற்று. ஆயிரம் குழந்தைகளுக்குச் செய்தால் 9 பேர் சரியான பாசிட்டிவ், ஏறக்குறைய 50 பேர் பொய் பாசிட்டிவ். அதாவது வரும் பாசிட்டிவில் ஆறில் ஒன்றுகூட உண்மையில்லை. அதே கிட்டை, ஐந்தில் ஒருவருக்குத் தொற்று இருக்கும் குழுவில் பயன்படுத்தினால் 180 சரியான பாசிட்டிவ், 40 பொய் பாசிட்டிவ். பத்தில் எட்டு பாசிட்டிவை நம்பலாம். நெகட்டிவ் வந்தால் தொற்று இல்லை என்பதற்கு 97 சதவீதத்துக்கு மேல் உறுதி.

அந்தக் குழுவை அடையாளம் காண ஒரு நல்ல வழி, அமெரிக்கக் குழந்தைகள் ஐசியுவிலிருந்து 2010ல் வந்த விதி. நான்கு அம்சங்கள்: சென்ட்ரல் லைன், புற்றுநோய், கடந்த இரண்டு வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் வான்கோமைசின், அதே காலத்தில் மூன்று நாளுக்கு மேல் அனேரோப் கிருமிகளை (ஆக்சிஜன் இல்லாமல் வாழ்பவை) கொல்லும் மருந்து. மூன்றோ நான்கோ இருந்தால் கேண்டிடா ரத்தத் தொற்றுக்கான வாய்ப்பு 10 முதல் 46 சதவீதம் வரை. நம் வார்டுகளில் இதோடு வயிற்று அறுவை சிகிச்சை, சிரை வழி ஊட்டம், எடை மிகக் குறைந்த குறைமாதப் பிறப்பு மூன்றையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

பூஞ்சைச் சுவரின் சர்க்கரைப் பொருளான பீட்டா டி குளூக்கனை ரத்தத்தில் அளப்பது பற்றி ஒரு வார்த்தை. அது மூலக்கூறு பரிசோதனை அல்ல என்றாலும் கூடவே கேட்கப்படுவது. பெரியவர்களுக்கான 80 பிகோகிராம் எல்லையை அப்படியே குழந்தைகளுக்குப் போடக் கூடாது. நோயில்லாத குழந்தைகளிடமே அளவு கூடுதலாக இருக்கலாம். இம்யூனோகுளோபுலின், ஆல்புமின், அறுவை சிகிச்சையில் வைத்த காஸ் துணி, செல்லுலோஸ் டயாலிசிஸ் சவ்வு எல்லாமே அதை ஏற்றிவிடும். நெகட்டிவ் வந்தால் மட்டும் கொஞ்சம் ஆறுதல்.

இரண்டு பாதைகள்

முதல் பாதை, கல்ச்சர் பாட்டில் பாசிட்டிவ் ஆனபின் அதிலிருந்து நேரடியாக இனத்தைக் கண்டறிவது. பாட்டிலுக்குள் கோடிக்கணக்கில் செல்கள் பெருகியிருப்பதால் இது எளிது, நம்பகமானது. இரண்டாவது பாதை, கல்ச்சருக்குக் காத்திராமல் ரத்தத்திலிருந்தே பூஞ்சையின் டிஎன்ஏவைத் தேடுவது. இதுதான் கடினம், நேரமும் இதில்தான் மிச்சமாகும்.

புதிதாகத் தொடங்கும் லேப் முதல் பாதையில் ஆறு மாதமாவது கை பழகிவிட்டு இரண்டாவதுக்கு வருவது உத்தமம். எந்தப் பாதையானாலும் கல்ச்சரை நிறுத்தக் கூடாது. மருந்து எதிர்ப்பை முழுமையாகச் சோதிக்க உயிருள்ள பூஞ்சை வேண்டும். அதைப் பிசிஆர் தராது.

எவ்வளவு ரத்தம்

கேண்டிடா ரத்தத் தொற்றில் ஒரு மி.லி. ரத்தத்தில் பல சமயம் ஒரு செல்தான் இருக்கும். சராசரி ஒன்று என்றால் எடுக்கும் ஒவ்வொரு மி.லி.யிலும் ஒன்று இருக்கும் என்று பொருளல்ல. சில மி.லி.யில் மூன்று, சிலவற்றில் பூஜ்ஜியம். பாய்சான் கணக்குப்படி அரை மி.லி. எடுத்தால் அதில் ஒரு செல்கூட இல்லாமல் போக 61 சதவீத வாய்ப்பு. ஒரு மி.லி. எடுத்தால் 37 சதவீதம். இரண்டு எடுத்தால் 14. மூன்று எடுத்தால் 5. குழாயில் செல்லே இல்லையென்றால் உலகின் எந்த மெஷினும் கண்டுபிடிக்காது. விரல் நுனியில் குத்தி நிரப்பும் அரை மி.லி. குழாயை இந்தப் பரிசோதனைக்கு லேப் ஏற்கவே கூடாது என்பதற்கு இதற்கு மேல் காரணம் தேவையில்லை.

கல்ச்சருக்கு ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்லும் ஒரு நாள் அளவு: 2 கிலோவுக்குக் கீழ் 2 முதல் 4 மி.லி., 2 முதல் 12 கிலோ வரை 6 மி.லி., 12 முதல் 36 கிலோ வரை 20 மி.லி. நேரடிப் பிசிஆருக்கு இதற்கு மேல் 2 முதல் 3 மி.லி. இடிடிஏ (உறையாமல் காக்கும் பொருள்) கலந்த ரத்தம். மூன்று கிலோ குழந்தையின் மொத்த ரத்தமே கிட்டத்தட்ட 240 மி.லி.தான். கல்ச்சருக்கு 2, பிசிஆருக்கு 1 என்று ஒரே தடவையில் 3 மி.லி. எடுத்தால் மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதல், பொதுவாகத் தாங்கும். சிக்கல் அன்றைய ரத்த வாயு, எலக்ட்ரோலைட், சிஆர்பி எல்லாம் சேர்ந்து கரைக்கும் ரத்தத்தில் இருக்கிறது. அந்தக் கணக்கை நர்ஸ் குறிப்பேட்டில் மி.லி. வாரியாக எழுதி வைத்து, அவசியமில்லாத ஒன்றிரண்டு டெஸ்ட்டைக் கழித்தால் பிசிஆருக்கு வேண்டியது அதிலேயே கிடைத்துவிடும்.

ரத்தம் போதாமல் போனால் எதற்கு முதலிடம்? கல்ச்சருக்கு. எப்போதும்.

ரத்தம் எடுப்பதும் அனுப்புவதும்

1. தோலைக் குளோர்ஹெக்சிடின் ஆல்கஹாலால் 30 வினாடி தேய்த்து, தானாகக் காயவிடுங்கள். ஊதி உலர்த்தக் கூடாது. குறைமாதக் குழந்தையின் தோல் வெந்துவிடும் என்பதால் யூனிட்டின் நியோநேட்டல் நெறிமுறைப்படி மாற்று மருந்து.

2. முடிந்தவரை புறச் சிரையிலிருந்து. லைனிலிருந்தும் எடுக்கிறீர்கள் என்றால் இரண்டையும் தனித்தனியாக லேபிள் செய்து, நேரம் குறித்து அனுப்புங்கள்.

3. லைனில் ஹெப்பாரின் லாக் இருந்தால் முதல் ரத்தத்தைக் கழித்துவிட்டுத்தான் இடிடிஏ குழாயை நிரப்ப வேண்டும். ஹெப்பாரின் பிசிஆரின் பரம எதிரி. சிறிதளவே என்சைமை முடக்கிப் போடும். பச்சை மூடிக் குழாயில் வந்தால் லேப் திருப்பி அனுப்புவதுதான் சரி.

4. முதலில் கல்ச்சர் பாட்டில், பிறகு ஊதா மூடிக் குழாய். பாட்டில் மூடியை ஆல்கஹாலால் துடைத்த பின் ஊசி ஏற்றுங்கள். வரிசை மாறினால் இடிடிஏ பாட்டிலுக்குள் போய்விடும்.

5. ஊதா குழாயைக் குறிப்பிட்ட கோடு வரை நிரப்புங்கள். 3 மி.லி. குழாயில் 1 மி.லி. மட்டும் இருந்தால் இடிடிஏ செறிவு மூன்று மடங்கு. பிசிஆருக்கு வேண்டிய மெக்னீசியத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். குறைவாகத்தான் எடுக்க முடியும் என்றால் 1 மி.லி. குழாயையே பயன்படுத்துங்கள். எட்டு பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்க வேண்டாம்.

6. 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைத்து அன்றே லேபுக்கு. முழு ரத்தத்தை உறையவைக்காதீர்கள். சிவப்பணு உடைந்து ஹீம் வெளியேறும். அதுவும் பிசிஆரைத் தடுக்கும்.

பூஞ்சை மருந்து தொடங்கும் முன் எடுப்பதுதான் நல்லது. தொடங்கியாயிற்று என்றாலும் அனுப்புங்கள். கல்ச்சர் சட்டென்று அடங்கிப்போகும் இந்தச் சூழ்நிலையில் பிசிஆர் இன்னும் ஓரிரு நாள் பிடித்துக்கொடுக்கும்.

பாதை ஒன்று: பாசிட்டிவ் பாட்டிலிலிருந்து

மெஷின் சிக்னல் வந்தவுடன் கிராம் ஸ்டெயின் (சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது). ஊதா நிறத்தில், 3 முதல் 5 மைக்ரான் அளவில், மொட்டு விடும் ஈஸ்ட் தெரிந்தால் உடனே வார்டுக்குப் போன். இந்த ஓர் அழைப்பு பல நேரங்களில் பின்னால் வரும் எந்தப் பேனலைக் காட்டிலும் சிகிச்சையை முன்னே தள்ளும்.

அடுத்து மல்டிபிளெக்ஸ் பேனல் (ஒரே ஓட்டத்தில் பல கிருமிகளைத் தேடும் பிசிஆர்). பரவலாகக் கிடைக்கும் பயோஃபயர் பிசிஐடி2 பேனலில் ஏழு ஈஸ்ட் இலக்குகள் உண்டு: அல்பிகன்ஸ், ஆரிஸ், கிளாப்ரேட்டா, குரூசெய், பாராப்சிலோசிஸ், டிராபிகாலிஸ், கூடவே கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ்/காட்டி. பாட்டிலிலிருந்து 200 மைக்ரோலிட்டர் எடுத்து, சாம்பிள் பஃபருடன் கலந்து, ஈரப்படுத்திய பவுச்சில் செலுத்தினால் சுமார் ஒரு மணி நேரத்தில் விடை. முந்தைய பதிப்பில் ஆரிஸ் கிடையாது; பழைய பவுச் கையிருப்பில் இருந்தால் கவனம்.

இங்கே தவறு நடக்கும் இடங்கள் மூன்று. கிராமில் ஈஸ்ட் தெளிவாகத் தெரிகிறது, பேனல் நெகட்டிவ் என்றால் ஈஸ்ட் இல்லை என்று எழுதிவிடக் கூடாது. பேனலில் இல்லாத இனம் என்று பொருள். விக்கர்ஹாமோமைசிஸ் அனோமாலஸ், கொடாமியா ஓமெரி, டிரைக்கோஸ்போரான், கேண்டிடா ஹீமுலோனி எதுவும் அந்த ஏழில் இல்லை. இவை எங்கோ அபூர்வமாக வருபவை என்று தள்ளவும் முடியாது. அனோமாலஸ், அப்போது பிக்கியா அனோமாலா என்ற பெயரில், 1996 முதல் 1998 வரை சண்டிகர் பிஜிஐ குழந்தைகள் பிரிவில் பெருந்தொற்றாகவே பரவியது.

இரண்டாவது, பாட்டிலில் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் சேர்ந்திருக்கும்போது கிராமில் பாக்டீரியா மட்டுமே கண்ணில் படும். பேனல் இரண்டையும் சொல்லும். அப்படிச் சொன்னால் கிராம் பார்த்தவரைக் கோபிக்காமல் ஸ்லைடை மறுபடி பாருங்கள். மூன்றாவது, கல்ச்சர் ஊடகத்தில் செத்த கிருமிகளின் டிஎன்ஏ தங்கியிருந்து பொய் பாசிட்டிவ் தரலாம். கிராமில் ஈஸ்ட் இல்லை, சப்கல்ச்சரிலும் வளரவில்லை, பேனல் மட்டும் கேண்டிடா என்கிறது என்றால் அந்த லாட் எண்ணைக் குறித்துவைத்து, மற்ற பாட்டில்களிலும் அப்படி வருகிறதா என்று பாருங்கள்.

பேனலுக்குப் பணமில்லாத இடத்தில் மால்டி-டாஃப் (புரதங்களின் நிறையை வைத்து இனத்தைச் சொல்லும் மெஷின்) நல்ல மாற்று. பாட்டில் திரவத்திலிருந்து ரத்த அணுக்களை டிடர்ஜென்ட்டால் உடைத்து, கழுவி, ஃபார்மிக் அமிலமும் அசிட்டோநைட்ரைலும் வைத்துப் புரதத்தைப் பிரித்தால் ஒரு மணி நேரத்துக்குள் இனம் தெரியும். ஈஸ்ட் சுவர் தடிமன் என்பதால் ஃபார்மிக் அமிலப் படியை விட்டுவிட்டால் ஸ்கோர் ஏறாது.

பாதை இரண்டு: ரத்தத்திலிருந்தே

தயார் கிட் என்றால் டி2கேண்டிடாதான் அதிகம் ஆராயப்பட்டது. 2014ல் அமெரிக்க எஃப்டிஏ ஒப்புதல் பெற்றது. டிஎன்ஏவைத் தனியாகப் பிரிக்காமல் முழு ரத்தத்திலேயே பெருக்கி, காந்த அதிர்வால் கண்டறியும், மி.லி.க்கு 1 முதல் 3 செல் வரை பிடிக்கும். நாலைந்து மணி நேரத்தில் விடை. குழந்தைகளுக்கு வேண்டிய ரத்தம் குறைவாக இருக்கும்போது 2 மி.லி.யை நேரடியாகப் பைப்பெட்டால் கார்ட்ரிஜில் ஏற்றிப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. நமக்கு உறுத்தும் விஷயம் வேறு. அது அல்பிகன்ஸையும் டிராபிகாலிஸையும் ஒரே விடையாகத்தான் சொல்லும். கிளாப்ரேட்டாவும் குரூசெயும் அப்படியே. டிராபிகாலிஸ் 41 சதவீதம் இருக்கும் நாட்டில், ஃப்ளுகோனசோல் என்ற பூஞ்சை மருந்துக்கு எதிர்ப்பும் அதில் தலைகாட்டும்போது, ‘இரண்டில் ஒன்று’ என்ற பதில் பாதி பதில்தான். அந்த ஐந்து இனப் பேனலில் ஆரிஸும் இல்லை.

ஆகவே பல ரெஃபரன்ஸ் லேப்கள் சொந்தமாக ரியல் டைம் பிசிஆர் வைத்துக்கொள்கின்றன. அதன் உயிர்நாடி டிஎன்ஏ பிரிப்பு.

கேண்டிடாவின் செல் சுவர் குளூக்கன், மேனன், கைட்டின் சேர்ந்தது. வைரஸுக்கும் பாக்டீரியாவுக்கும் பயன்படும் சாதாரணக் ‘காலம்’ (column, டிஎன்ஏவைப் பிடித்து வைக்கும் வடிகட்டிக் குழாய்) கிட்டை நேராகப் போட்டால் சுவர் உடையாது. டிஎன்ஏ உள்ளேயே தங்கிவிடும். செய்ய வேண்டியது இது:

1. இரண்டாம் வகை பயோசேஃப்டி கேபினெட்டில் வேலை. 2 மி.லி. ரத்தத்துக்கு மூன்று மடங்கு சிவப்பணு உடைக்கும் பஃபர்: 10 மில்லிமோலார் டிரிஸ், 5 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, 10 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, பிஎச் 7.6. பத்து நிமிடம் விட்டு, 3,000 ஜியில் பத்து நிமிடம் சென்ட்ரிஃபியூஜ். மேல் திரவத்தைக் கொட்டி, வண்டல் வெளுக்கும் வரை இன்னொரு முறை. சிவப்பு மிச்சமிருந்தால் ஹீம் மிச்சம்.

2. வண்டலில் வெள்ளையணு உடைக்கும் பஃபரும் புரோட்டினேஸ் கேயும் சேர்த்து 65 டிகிரியில் 45 நிமிடம். மனித டிஎன்ஏ பெருமளவு கரைந்து மேலே போகும். மறுபடி சுற்றினால் பூஞ்சை அடியில். இந்தப் படியைத் தவிர்த்தால் மனித டிஎன்ஏ அந்தக் ‘காலம்’ குழாயை அடைத்துக்கொள்ளும்.

3. 0.5 மி.மீ. கண்ணாடி அல்லது சிர்கோனியா மணிகளுடன் பீட் பீட்டரில் 30 முதல் 45 வினாடி, இரண்டு முறை, நடுவே ஐஸில் ஒரு நிமிடம். லைட்டிகேஸ், சைமோலேஸ் என்சைம்களும் சுவரை உடைக்கும். ஆனால் இவற்றின் சில தயாரிப்புகளிலேயே ஈஸ்ட் டிஎன்ஏ மாசு இருக்கும். பேன்ஃபங்கல் (எல்லாப் பூஞ்சைக்கும் பொதுவான) பிரைமர் வைத்திருக்கும் லேபுக்கு அது தலைவலி. மணிகளே மேல்.

4. பிறகு ‘காலம்’ கிட். வெளியே எடுப்பது 50 மைக்ரோலிட்டரில். நூறைத் தாண்டக் கூடாது.

கடைசி எண் ஏன் முக்கியம் என்பதைக் கணக்காகப் பார்க்கலாம். 2 மி.லி. ரத்தத்தில் இரண்டு செல். ரைபோசோம் டிஎன்ஏ ஒரு செல்லில் நூறு பிரதி என்று வைப்போம், மொத்தம் 200. பிரிப்பில் மூன்றில் ஒரு பங்கு தேறினால் 65 சொச்சம். 50 மைக்ரோலிட்டரில் எடுத்து 5 மைக்ரோலிட்டர் பிசிஆரில் போட்டால் ஆறு ஏழு பிரதி, பிடித்துவிடலாம். 200 மைக்ரோலிட்டரில் எடுத்திருந்தால் ஒன்றரை. வரலாம், வராமலும் போகலாம். செல்லுக்கு ஓரிரு பிரதி மட்டுமே உள்ள மரபணுவை இலக்காக வைத்திருந்தால் முதல் நிலையிலேயே ஆட்டம் முடிந்தது. ரைபோசோம் டிஎன்ஏவின் 18எஸ், 28எஸ், ஐடிஎஸ் பகுதிகளையே எல்லோரும் இலக்காக வைப்பதன் ரகசியம் இதுதான்.

முழு ரத்தமா, பிளாஸ்மாவா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. மேலே சொன்ன முறையில் ரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏ, கொட்டிய திரவத்தோடு போய்விடும். பிளாஸ்மாவில் அது இருக்கும், முழுச் செல் இருக்காது. ஆழ்ந்த உறுப்புத் தொற்றில் பிளாஸ்மா கைகொடுப்பதாகப் பல ஆய்வுகள். ரத்தம் இருந்தால் முதல் சுற்றுக்கு முன்பே இடிடிஏ குழாயைச் சுற்றி அரை மி.லி. பிளாஸ்மாவைத் தனியே எடுத்துவைத்து இரண்டையும் ஓட்டுங்கள்.

பிசிஆர் ஓட்டம்

25 மைக்ரோலிட்டர் வினை. பிரைமர் ஒவ்வொன்றும் 300 முதல் 500 நானோமோலார், டாக்மேன் புரோப் 100 முதல் 200 நானோமோலார், டெம்ப்ளேட் (பிரித்தெடுத்த டிஎன்ஏ) 5 மைக்ரோலிட்டர். 50 டிகிரியில் 2 நிமிடம் யூஎன்ஜி (முந்தைய பிசிஆரின் மிச்சத்தை அழிக்கும் என்சைம்) வேலைசெய்ய, 95 டிகிரியில் 10 நிமிடம், பிறகு 95ல் 15 வினாடி, 60ல் ஒரு நிமிடம் என 45 சுழற்சி. ஒவ்வொரு சாம்பிளும் மூன்று குழியில். குறைந்த பிரதிகளில் ஒரு குழியில் வந்து மறுகுழியில் வராதது சகஜம்.

ஒவ்வொரு ஓட்டத்திலும் கட்டாயம் இருக்க வேண்டியவை: டெம்ப்ளேட்டுக்குப் பதில் தண்ணீர், பிரிப்பு முதல் கடைசி வரை கூடவே வரும் வெற்றுச் சாம்பிள், நலமான கொடையாளர் ரத்தத்தில் மி.லி.க்கு 10 செல் கலந்த பாசிட்டிவ், உள்கட்டுப்பாடு (நோயாளி சாம்பிளுக்குள்ளேயே ஓடி, வினை வேலைசெய்ததைக் காட்டும் இலக்கு). உள்கட்டுப்பாடு வழக்கத்தைவிட மூன்று சுழற்சி தள்ளி வந்தாலோ வராமலே போனாலோ அந்த நெகட்டிவ் செல்லாது. டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டுங்கள். அதிலும் அப்படியே என்றால் புதிய ரத்தம் கேளுங்கள். மனிதனின் ஆர்நேஸ் பி மரபணுவை மட்டும் உள்கட்டுப்பாடாக வைப்பது போதாது. மனித செல் உடைந்ததற்குச் சாட்சி அது, பூஞ்சைச் சுவர் உடைந்ததற்கு அல்ல.

முறையை நிறுவும்போது ஸ்டாண்டர்டு கர்வின் சாய்வு மைனஸ் 3.3க்கு அருகில், செயல்திறன் 90 முதல் 110 சதவீதத்துக்குள். மி.லி.க்கு 100, 10, 5, 1 செல் என ரத்தத்தில் கலந்து ஒவ்வொன்றையும் 20 முறை. 19 முறை பிடித்த குறைந்த அளவே உங்கள் கண்டறியும் எல்லை. டிராபிகாலிஸ், பாராப்சிலோசிஸ், ஆரிஸ் மூன்றுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள், அல்பிகன்ஸை மட்டும் வைத்து முடிக்காதீர்கள். கலப்பதற்கு முன் செல்களை இரண்டு மூன்று முறை கழுவுவது முக்கியம். இரவு முழுக்க வளர்ந்த குழம்பில் செத்த செல்களின் டிஎன்ஏ நிறைய மிதக்கும்; அதையும் சேர்த்து எண்ணினால் காகிதத்தில் அபாரமான எல்லை வரும், வார்டில் வராது.

பேன்ஃபங்கல் ஐடிஎஸ் பிசிஆர் போட்டு சீக்வென்ஸ் செய்யும் வழியும் உண்டு. பேனலில் இல்லாத இனங்களுக்கும் மலசீசியாவுக்கும் அதுவே கதி. கொழுப்பு ஊட்டம் ஏறும் பச்சிளம் குழந்தையிடம் மலசீசியா வரும். சாதாரணத் தட்டில் வளராது, மேலே ஆலிவ் எண்ணெய் தடவினால்தான் வளரும். சீக்வென்ஸ் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பினால் இரண்டு இனம் கலந்திருக்கலாம், மாசாகவும் இருக்கலாம்.

மாசு

பூஞ்சை காற்றில் இருக்கிறது, நம் தோலில் இருக்கிறது, பருத்தியில் இருக்கிறது. ரீஏஜென்ட் தயாரிப்பு, டிஎன்ஏ பிரிப்பு, பிசிஆர் மூன்றுக்கும் மூன்று அறை. முடியாவிட்டால் மூன்று கேபினெட், மூன்று செட் பைப்பெட். கோட்டும் கையுறையும் பின்னோக்கி வரக் கூடாது. பத்து சதவீத பிளீச், பிறகு தண்ணீர், பிறகு யூவி. ஒவ்வொரு புதிய லாட் ‘காலம்’ குழாயும் பஃபரும் நோயாளி சாம்பிளுக்கு வரும் முன் வெறுமனே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். வெற்றுச் சாம்பிளில் 38வது சுழற்சிக்கு மேல் சிக்னல் வந்துகொண்டே இருந்தால், அந்த எல்லைக்கு மேல் வரும் நோயாளி சிக்னலையும் நம்ப முடியாது. ‘வீக் பாசிட்டிவ்’ என்று எழுதித் தப்பிப்பது குழந்தைக்குத் தேவையற்ற ஆம்ஃபோட்டெரிசினில் முடியும்.

ரிசல்ட்டைப் படிப்பது

கல்ச்சர், பிசிஆர் இரண்டும் பாசிட்டிவ், ஒரே இனம்: விவாதமில்லை. கல்ச்சர் நெகட்டிவ், பிசிஆர் மூன்று குழியிலும் பாசிட்டிவ், ஆபத்துக் காரணிகள் உள்ள குழந்தை: தொற்றாகவே நடத்துங்கள். அன்றே இரண்டாவது ரத்தம் எடுத்து, கண் பரிசோதனை, எக்கோ, வயிற்று ஸ்கேன். பச்சிளம் குழந்தையென்றால் முதுகுத் தண்டு நீரும். பிசிஆர் மூன்றில் ஒரு குழியில் மட்டும், அதுவும் பிந்தி: மறு சாம்பிள் வரும்வரை அறிக்கையை முடிக்காதீர்கள்.

கல்ச்சர் பாசிட்டிவ், பிசிஆர் நெகட்டிவ் என்பது சங்கடம். ரத்தம் குறைவா, இனம் பேனலுக்கு வெளியேவா, தடுப்புப் பொருளா என்று இந்த வரிசையில் தேடுங்கள். சிகிச்சை கல்ச்சரைப் பின்பற்றும்.

பிசிஆர் நெகட்டிவை வைத்து மருந்தை நிறுத்தலாமா? ஒரு நாள் இடைவெளியில் இரண்டு முறை போதிய ரத்தத்தில் நெகட்டிவ், கல்ச்சரும் நெகட்டிவ், குழந்தை தேறி வருகிறது என்றால் நிறுத்துவது நியாயம். ஒற்றை நெகட்டிவில், அதுவும் ஒரு மி.லி. ரத்தத்தில், நிறுத்தக் கூடாது. குணமானதை உறுதிசெய்யவும் பிசிஆர் உதவாது. செத்த பூஞ்சையின் டிஎன்ஏ நாள் கணக்கில் ரத்தத்தில் தங்கும். 14 நாள் சிகிச்சைக் கணக்கு முதல் நெகட்டிவ் கல்ச்சரிலிருந்து ஓடும்.

அச்சுப்பூஞ்சையை இந்தக் கணக்கில் கலக்காதீர்கள். அஸ்பர்ஜில்லஸ் ரத்தத்தொற்றாக இருந்தாலும் கல்ச்சரில் அரிதாகவே வளரும். அதற்கென்று தனி பிசிஆரும் கேலக்டோமேனன் பரிசோதனையும் உண்டு. ஃபியூசேரியம் மட்டும் ரத்தக் கல்ச்சரில் நன்றாக வளரும்.

இனத்திலிருந்து மருந்துக்கு

குரூசெய் என்றால் ஃப்ளுகோனசோல் பிறவியிலேயே வேலைசெய்யாது. ஆரிஸில் பெரும்பாலும் வேலைசெய்யாது. டிராபிகாலிஸ், பாராப்சிலோசிஸ் இரண்டிலும் இஆர்ஜி11 மரபணுவில் ஃப்ளுகோனசோல் எதிர்ப்பைத் தரும் ஒய்132எஃப் மாற்றம் வந்துகொண்டிருக்கிறது; ஆரிஸில் அதோடு கே143ஆர். எக்கினோகேண்டின் என்ற இன்னொரு பூஞ்சை மருந்து வகைக்கான எதிர்ப்புக்கு எஃப்கேஎஸ்1 மரபணு, ஆரிஸில் அதன் எஸ்639 இடம். வளர்ந்த தட்டிலிருந்து இவற்றை சீக்வென்ஸ் செய்வது எளிது. ரத்தத்திலிருந்தே தேடுவது இப்போதைக்கு வீண். செல்லுக்கு ஓரிரு பிரதி உள்ள மரபணு, மேலே பார்த்த கணக்கு இங்கே இன்னும் மோசம். மாற்றம் இருந்தால் எதிர்ப்பு என்று எழுதலாம். இல்லாததை வைத்து மருந்து வேலைசெய்யும் என்று எழுதக் கூடாது. மருந்தை வெளியே தள்ளும் பம்ப் மரபணுக்கள் வழியாகவும் எதிர்ப்பு வரும்.

ஆரிஸ் என்று வந்த நிமிடமே குழந்தையைத் தனிமைப்படுத்தி, தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவுக்குச் சொல்லி, பக்கத்துப் படுக்கைக் குழந்தைகளின் அக்குள், தொடையிடுக்கு ஸ்வாபை எடுங்கள். பழைய ஐடி மெஷின்கள் ஆரிஸை ஹீமுலோனி என்று சொல்லி ஏமாற்றியதுண்டு. ஹீமுலோனி என்று அறிக்கை வந்தால் ஐடிஎஸ் சீக்வென்ஸில் சரிபார்க்காமல் விடாதீர்கள்.

அறிக்கையில் என்ன எழுதுவது

‘கேண்டிடா டிராபிகாலிஸ் டிஎன்ஏ கண்டறியப்பட்டது’ என்று எழுதுங்கள். நோய் என்ற முடிவு வார்டுடையது. பெறப்பட்ட ரத்தத்தின் அளவை மி.லி.யில் கட்டாயம் போடுங்கள். நெகட்டிவ் அறிக்கையில் பேனலில் அடங்கும் இனங்களின் பட்டியலும், ‘1 மி.லி.க்குக் குறைவான சாம்பிளில் நெகட்டிவ் முடிவு தொற்றை விலக்காது’ என்ற வரியும் இருக்க வேண்டும். பாசிட்டிவை எந்நேரமானாலும் போனில் சொல்லி, யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னோம் என்பதைப் பதிவுசெய்யுங்கள். மிஞ்சிய டிஎன்ஏவை மைனஸ் 80 டிகிரியில், அது இல்லாவிட்டால் மைனஸ் 20ல், கல்ச்சர் பாட்டிலின் ஐந்து நாள் முடியும் வரையாவது வைத்திருங்கள். நான்காம் நாள் பாட்டிலில் பேனலுக்கு வெளியே உள்ள ஈஸ்ட் வளர்ந்தால், அதே டிஎன்ஏவில் ஐடிஎஸ் போட்டுப் பார்க்கலாம். குழந்தையிடம் இன்னொரு ஊசி குத்த வேண்டியதில்லை.